கம்பியை விட்டதும் போர் தண்ணீர் சேறாகிறதே, அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது?

பாலக்கோட்டுக்காரன் · ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மனது சரியில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்து வீடு பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒகேனக்கல் குடிநீர்க் குழாய் ஊருக்குள்தான். நாங்கள் குடிப்பது, சமைப்பது எல்லாம் 820 அடி போர் தண்ணீர்.

இன்று காலை தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நான்கு கம்பிகள் தொங்கும் ஒரு சின்ன கருவியை இரண்டு டம்ளரிலும் இறங்குகிற மாதிரி வைத்து, பிளக்கில் சொருகி சுவிட்சைப் போட்டார்கள். எங்கள் டம்ளரில் முதலில் பாசி போல ஒரு பச்சை. அப்புறம் பழுப்பு. மேலே நுரை. இரண்டு நிமிடத்தில் ஏரிச் சேறு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து டம்ளர் அப்படியே தெளிவாக இருந்தது.

“இதைத்தான் உங்க குழந்தை தினமும் குடிக்குது” என்றார் ஒருவர். என் மனைவிக்கு அதற்குப் பிறகு சாப்பாடே இறங்கவில்லை. மெஷின் விலை 18,500. வியாழக்கிழமை முடிவு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தச் சேறு எங்கள் தண்ணீரில் ஏற்கனவே இருந்ததா? கரண்ட் அதை வெளியே இழுத்துக் காட்டியதா? டம்ளரைத் தொட்டபோது லேசாகச் சூடு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பென்னாகரம் பேட்டரி · ஞாயிறு இரவு 10.05

தம்பி, அந்தக் கம்பிகளின் நுனியைக் கவனித்தீர்களா? எப்படி இருந்தது?

பாலக்கோட்டுக்காரன் · ஞாயிறு இரவு 10.12

கவனித்தேன் அண்ணா. ஒவ்வொரு டம்ளரிலும் இரண்டு கம்பி. ஒன்று அலுமினியம் மாதிரி வெள்ளை. இன்னொன்று கருப்பு, சொரசொரப்பு. எங்கள் தண்ணீரில் விட்ட கருப்புக் கம்பியின் நுனி பென்சில் சீவியது போல மெலிந்திருந்தது.

பென்னாகரம் பேட்டரி · ஞாயிறு இரவு 10.20

அப்படியென்றால் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. மெலிந்த இரும்பு எங்கே போனது? டம்ளருக்குள்தான். இத்தனை வீட்டுத் தண்ணீரில் கரைந்து கரைந்துதான் அந்த நுனி அப்படி ஆகியிருக்கிறது. மீதியை டீச்சர் வந்து சொல்லட்டும், அவங்க சொன்னால்தான் கணக்கோடு வரும்.

தென்பெண்ணைக் கரை · திங்கள் காலை 6.15

தம்பி, முதலில் உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்: அந்தப் பழுப்புச் சேற்றின் பெரும்பகுதி உங்கள் தண்ணீரில் இருந்தது அல்ல. நான் காவேரிப்பட்டணம் பக்கம் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவள். இந்த டம்ளர் காட்சியை எங்கள் தெருவிலும் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும்.

நடந்தது இதுதான். அந்தக் கருவிக்குள் ஒரு டயோடு இருக்கும். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருவது; டயோடு அதை ஒரே பக்கமாகப் போகிற நேர்மின்சாரமாக்குகிறது. அதனால் ஒரு கம்பி நேர்முனை, இன்னொன்று எதிர்முனை. நேர்முனையில் இருப்பது இரும்பு. அங்கே ஒவ்வொரு இரும்பு அணுவும் இரண்டு எலக்ட்ரான்களைக் கம்பியில் விட்டுவிட்டு, தான் அயனியாகி, அதாவது மின்னூட்டம் உள்ள அணுவாகி, தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. அதே நேரம் எதிர்முனையில் தண்ணீர் மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உடைகிறது: ஹைட்ரஜன் குமிழியாக மேலே போகிறது, ஹைட்ராக்சைடு தண்ணீரில் தங்குகிறது. இரும்பும் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் நீங்கள் பார்த்த அந்த அழுக்குப் பச்சை. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அதில் பட்டதும் பழுப்பு. ஈரத்தில் கிடந்த ஆணி இவ்வளவு துருப்பிடிக்க நாள்கணக்கில் ஆகும். மின்சாரம் அதை இரண்டு நிமிடத்தில் செய்து காட்டுகிறது. நுரை என்பது ஹைட்ரஜன் குமிழிகள் அந்தத் துருவைத் தூக்கிக்கொண்டு மேலே வருவது.

பக்கத்து டம்ளர் ஏன் தெளிவாக இருந்தது என்றால், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. உப்பின் அயனிகள்தான் தண்ணீருக்குள் மின்சாரத்தைச் சுமக்கின்றன. சுமக்க ஆள் இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை, இரும்பும் கரையவில்லை. நீங்கள் தொட்டுப் பார்த்த சூடும் இதற்குச் சாட்சி. உங்கள் டம்ளரில் மின்சாரம் நன்றாக ஓடியிருக்கிறது.

கணக்கும் போடலாம். எவ்வளவு மின்னூட்டம் ஓடுகிறதோ அந்த அளவுக்குத்தான் உலோகம் கரையும் அல்லது படியும். இது 1830களில் மைக்கேல் பாரடே அளந்து சொன்ன விதி. 0.3 ஆம்பியர் மட்டும் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடம் என்றால் 36 கூலும் மின்னூட்டம். அதற்குச் சுமார் 10 மில்லிகிராம் இரும்பு கரையும். 200 மில்லி டம்ளரில் 10 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 50 மில்லிகிராம். அவ்வளவு இரும்பு உண்மையிலேயே உங்கள் போரில் இருந்தால் வாளியில் பிடித்து வைத்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தானாகவே சிவந்துவிடும், வெள்ளை வேட்டியைத் துவைக்க முடியாது. உங்கள் வீட்டில் அப்படியா இருக்கிறது?

பாலக்கோட்டுக்காரன் · திங்கள் காலை 7.02

இல்லை டீச்சர். துணி வெள்ளையாகத்தான் இருக்கிறது. குடத்தில் வெள்ளைப் படிவு வரும், சிவப்பு வராது. இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நன்றி.

கிருஷ்ணகிரி ஆர்.ஓ. சர்வீஸ் · திங்கள் காலை 11.30

நான் ஏழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கலங்கிய தண்ணீரில் படிகாரம் போட்டால் அழுக்கு திரண்டு கீழே வருகிறதல்லவா? கரண்ட் விட்டாலும் அதேதான் நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீரில் கரைந்திருந்தது திரண்டு வெளியே வருகிறது. அது முழுப் பொய் என்று சொல்லிவிட முடியுமா? கரைந்த உப்பின் அளவைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரில் இவர் தண்ணீர் எப்படியும் 800க்கு மேல் காட்டும். அந்த உப்பெல்லாம் எங்கே போகும்?

தென்பெண்ணைக் கரை · திங்கள் மதியம் 2.10

நியாயமான கேள்வி தம்பி. நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இரும்போ அலுமினியமோ கரைந்து ஹைட்ராக்சைடாகும்போது அது பஞ்சு போல இருக்கும். தண்ணீரில் மிதக்கும் தூசியும் கரைந்த சில பொருள்களும் அந்தப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். எதிர்முனை அருகில் தண்ணீர் காரமாவதால் சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் வெள்ளையாகப் படியும். ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பழுப்பு நிறம் கம்பியினுடையது. உப்பெல்லாம் வெளியே வந்துவிட்டது என்றால், சேற்றை வடிகட்டிவிட்டு அதே தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள். 800 இருந்தது 40க்கு இறங்காது. சோடியமும் குளோரைடும் அப்படியே அங்கேதான் இருக்கும்.

இன்னும் நேரான சோதனை தராசு. கம்பியை நன்றாகத் துடைத்து உலர்த்தி, நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். பத்து வீட்டில் காட்டிவிட்டு, ஒட்டிய துருவைத் தேய்த்தெடுத்து, மறுபடி எடை போடுங்கள்.

பதினோராம் வகுப்பு · திங்கள் மாலை 5.45

மேடம், நான் காரிமங்கலத்தில் படிக்கிறேன். எங்களுக்கு மின்னாற்பகுப்பு பாடத்தில் தண்ணீரைப் பிரித்தால் எதிர்முனையில் ஹைட்ரஜன், நேர்முனையில் ஆக்சிஜன் என்று இருக்கிறது. இந்த டம்ளரில் நேர்முனையில் ஆக்சிஜன் ஏன் வரவில்லை? இரும்பு ஏன் கரைந்தது?

தென்பெண்ணைக் கரை · திங்கள் மாலை 6.30

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உனக்கு ஒரு சபாஷ், கண்ணு.

1800இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா தன் மின்னடுக்கை, அதாவது முதல் பேட்டரியைச் செய்த செய்தி லண்டனுக்கு வந்ததும், நிக்கல்சன், கார்லைல் என்ற இரண்டு பேர் தாங்களும் ஒன்று செய்தார்கள். கம்பி சரியாகத் தொடட்டும் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார்கள். அந்தச் சொட்டில் குமிழி வந்தது. ஆச்சரியப்பட்டு, ஒரு குழாய் நிறையத் தண்ணீர் வைத்து இரண்டு பித்தளைக் கம்பிகளை விட்டார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன். மற்றதில் வாயுவே இல்லை, கம்பிதான் அரித்து நிறம் மாறியது. பிறகு பிளாட்டினக் கம்பி போட்டார்கள். அப்போதுதான் இரண்டாவது முனையில் ஆக்சிஜன் வந்தது.

ஆக, நேர்முனையில் யாராவது எலக்ட்ரானைக் கொடுத்தாக வேண்டும். யார் சுலபமாகக் கொடுப்பாரோ அவர் கொடுப்பார். இரும்பு, பித்தளை, துத்தநாகம் என்றால் உலோகமே கொடுத்துக் கரைந்துவிடும். பிளாட்டினமோ கார்பனோ சுலபத்தில் கொடுக்காது. அப்போது தண்ணீர் கொடுத்து ஆக்சிஜனாகிறது. உன் பாடப்புத்தகத்தில் பிளாட்டினம் அல்லது கார்பன் முனை என்று போட்டிருப்பார்கள், போய்ப் பார்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு தட்டில் வெள்ளைத்தாளை வைத்து, மஞ்சள்தூளும் உப்பும் கரைத்த தண்ணீரில் நனை. 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையிலிருந்தும் ஒயர் எடுத்துத் தாளில் இரண்டு இடத்தில் தொடு. எந்த முனை சிவக்கிறது, ஏன் என்று எனக்கு எழுது. வேறு ரசாயனம் எதுவும் வேண்டாம்.

பதினோராம் வகுப்பு · திங்கள் இரவு 8.20

செய்துவிட்டேன் மேடம்! எதிர்முனை தொட்ட இடம் குங்குமம் போல சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், அம்மா ஆரத்தி கரைக்கும்போது பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு காரம். அதனால் எதிர்முனையில் காரம் உண்டாகியிருக்கிறது, அதாவது ஹைட்ராக்சைடு. சரியா? நேர்முனைச் செம்புக் கம்பி பட்ட இடத்தில் லேசான பச்சை வந்தது, அது செம்பு கரைந்ததா?

தென்பெண்ணைக் கரை · திங்கள் இரவு 8.31

இரண்டும் சரி.

சிப்காட் ஷிப்ட் · செவ்வாய் காலை 7.50

நைட் ஷிப்ட் முடிந்து வந்து இதை முழுவதும் வாசித்தேன். நான் ஓசூரில் ஜிங்க் பிளேட்டிங், அதாவது இரும்புச் சாமான் மேல் துத்தநாகம் பூசுகிற யூனிட்டில் சூப்பர்வைசர். டம்ளரில் நடந்த அதே விஷயத்தை வைத்துத்தான் எங்கள் நூற்றுக்கணக்கான பேருக்குச் சாப்பாடு, அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

எங்கள் தொட்டியை பாத் என்போம். நேர்முனையில் ஜிங்க் கட்டிகள் தொங்கும். எதிர்முனையில் ஜாப், அதாவது போல்ட், நட்டு, டூவீலர் பிராக்கெட் மாதிரி. நேர்மின்சாரம் கொடுக்கிற ரெக்டிபையரை ஆன் செய்தால் கட்டி கரையும், கரைந்தது தண்ணீர் வழியாகப் போய் ஜாப் மேல் உட்காரும். அந்த டம்ளரில் கரைந்த இரும்புக்கு அப்படிப் போய் உட்கார வழி இல்லை, நடுவிலேயே ஹைட்ராக்சைடாகிச் சேறாகிவிட்டது. பாத்தில் உப்பு அளவு, காரம் அல்லது அமிலம் அளவு, பளபளப்புக்குப் போடுகிற பொருள், சூடு எல்லாம் சரியாக வைத்திருப்பதே கரைந்த உலோகம் சேறாகாமல் ஜாப்பில் போய்ச் சேர வேண்டும் என்பதற்குத்தான். எங்களிடமும் பாத் கெட்டால் சேறு வரும்.

டீச்சர் சொன்ன பாரடே கணக்கு எங்களுக்குத் தினசரி வாய்ப்பாடு. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.22 கிராம் ஜிங்க். உள்ளங்கை அளவு பரப்புக்கு, அதாவது 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், 2 ஆம்பியர் கொடுத்தால் 8 மைக்ரான் தடிமன் ஏற 14 நிமிடம் என்று கணக்கு வரும். ஆனால் நாங்கள் 20 நிமிடம் கூட வைப்போம். ஏனென்றால் கொடுக்கிற கரண்ட் முழுவதும் ஜிங்க் ஏற்றுவதில்லை. ஒரு பங்கு தண்ணீரை உடைத்து ஹைட்ரஜனாகப் போய்விடுகிறது. கரண்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்கலாம் என்று புதுப் பையன்கள் நினைப்பார்கள். கூர்மையான ஓரத்தில் கரண்ட் குவியும், அங்கே கருகிவிடும். குழிக்குள் ஏறவே ஏறாது.

அந்த ஹைட்ரஜன் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குமிழியாகப் போனது போக, கொஞ்சம் இரும்புக்குள்ளேயே நுழைந்துவிடும். சாதாரண இரும்புக்கு அதனால் பெரிய கெடுதி இல்லை. அதிக இழுவிசை தாங்குகிற ஹை டென்சைல் போல்ட்டுக்கு அது விஷம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இடத்தில் ஒரு லாட்டை பேக்கிங் பண்ணாமல் அனுப்பிவிட்டார்கள். அடுப்பில் 200 டிகிரி பக்கம் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும், அதைத்தான் பேக்கிங் என்போம். சாயங்காலம் முறுக்கி வைத்த போல்ட்டில் சிலது காலையில் தலை வேறு உடம்பு வேறாகக் கிடந்தது. யாரும் தொடவில்லை, எந்த பாரமும் ஏற்றவில்லை. அன்றைக்கு யாருக்கும் அடிபடவில்லை, அதுவே பெரிய விஷயம். ஒரு வண்டியின் பிரேக்கில் அந்த போல்ட் போயிருந்தால்? இன்றைக்கும் பேக்கிங் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது அந்தக் காலைதான் ஞாபகம் வரும்.

தென்பெண்ணைக் கரை · செவ்வாய் காலை 9.05

தம்பி எழுதியது என் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு என் வணக்கம்.

அரூர் அக்கா · செவ்வாய் மதியம் 12.40

எல்லோரும் இரும்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு வேறு பயம். என் பெரிய பையனுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. டாக்டர் புளூரைடு என்றார். நம் மாவட்டத்தில் எத்தனை ஊர்களில் இந்தப் பல்லைப் பார்க்கிறோம்! கம்பி விட்டால் அந்தப் புளூரைடு தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் அந்தச் சேற்றுக்குப் பயந்து என்ன பயன்?

தென்பெண்ணைக் கரை · செவ்வாய் மாலை 4.20

அம்மா, இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாது. புளூரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, நாம் குடிக்கிற அளவில் ருசியும் இல்லை. தண்ணீர் பன்னீர் போலத் தெளிவாக இருக்கும். நம் பக்கத்துக் கிரானைட், நைஸ் பாறைகளில் புளூரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. ஆழத்தில் வருடக்கணக்கில் பாறையோடு கிடக்கிற தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதுக் குழந்தைகளுக்குப் பல்லில் கறை, இன்னும் மிக அதிகமாக, நெடுங்காலம் குடித்தால் எலும்பும் மூட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் திறக்கப்பட்டதே இந்தப் புளூரைடுக்காகத்தான். ஆற்றுத் தண்ணீருக்கு அந்தப் பாறையோடு நெடுநாள் உறவு இல்லை. ஒன்று முக்கியம்: கொதிக்க வைத்தால் புளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். அந்த விற்பனைக் கருவியில் அலுமினியக் கம்பி இருந்தது அல்லவா? அதே அலுமினியத்தைத் தகடாக்கி நேர்முனையில் வைத்து, அளவோடு நேர்மின்சாரம் விட்டால், அலுமினியம் கரைந்து வெள்ளைப் பஞ்சாக ஹைட்ராக்சைடு உண்டாகும். அந்தப் பஞ்சு புளூரைடைப் பிடித்துக்கொள்ளும். படிய விட்டு வடிகட்டினால் புளூரைடு குறைந்த தண்ணீர். நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் சோலார் பேனலில் ஓடுகிற மாதிரி இதைக் கிராமங்களுக்காகச் செய்திருக்கிறது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுச் செய்கிற நல்கொண்டா முறை இதற்கு அண்ணன். அங்கே அலுமினியம் படிகாரத்திலிருந்து வருகிறது, இங்கே தகட்டிலிருந்து வருகிறது. நம் தமிழ்நாட்டிலேயே காரைக்குடியில் மின்வேதியியலுக்கு என்று ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் 1953லிருந்து இயங்குகிறது; அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்தது. கிராமத்துக் குழந்தைகள் இதையெல்லாம் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆனால் யாரும் வீட்டில் அலுமினியத் தட்டை வைத்து இதைச் செய்து குடித்துவிடாதீர்கள். அமில, காரத் தன்மை சரியாக இல்லை என்றால் புளூரைடும் குறையாது, அலுமினியம் தண்ணீரில் தங்கிவிடும். அளந்து பார்க்க ஆய்வகம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

பென்னாகரம் பேட்டரி · செவ்வாய் இரவு 9.15

தண்ணீர் பற்றிப் பேச்சு வந்ததால் என் கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். இன்வெர்ட்டர் பேட்டரியில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். சார்ஜ் நிறைந்த பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால், அது தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறை. உபரியாகப் போகிற ஒவ்வொரு ஆம்பியர் மணிக்கும் ஆறு அறையிலும் சேர்த்து 2 கிராம் தண்ணீர் காலி. காலியாவது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே இருக்கும். அதனால் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், அதுவும் டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீரில் உள்ள குளோரைடும் இரும்பும் உள்ளே தங்கித் தங்கித் தகட்டைக் கெடுத்துவிடும்.

அந்த வாயு வெளியே வருகிற அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே மூடிய அறையில் பேட்டரி வைத்து, பக்கத்திலேயே சாமி விளக்கும் ஏற்றி வைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு அன்றே இடம் மாற்ற வைத்தேன்.

பாலக்கோட்டுக்காரன் · புதன் காலை 6.50

எல்லோரும் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எனக்கு நானே ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அவர்கள் மாதிரி பிளக்கில் சொருகாமல், டிராக்டர் பேட்டரியில் செய்யலாமா டீச்சர்?

தென்பெண்ணைக் கரை · புதன் காலை 7.25

பிளக் கூடவே கூடாது. அந்த டம்ளரில் விரல் பட்டால் உயிர் போகும். 12 வோல்ட் போதும், ஆனால் டிராக்டர் பேட்டரி வேண்டாம். ஒயர் இரண்டும் தவறிப்போய்த் தொட்டுக்கொண்டால் ஒயர் பழுத்து எரியும். பழைய ரவுட்டர் அடாப்டர் இருந்தால் அதை எடுங்கள், அது 12 வோல்ட் நேர்மின்சாரம், ஒன்றிரண்டு ஆம்பியருக்கு மேல் கொடுக்காது. வெளித் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். எவர்சில்வர் ஸ்பூன் எதையும் முனையாகப் போடாதீர்கள். அதில் உள்ள குரோமியம் கரைந்து விஷமான வடிவில் தண்ணீரில் வரும். இரும்பு ஆணி, பிறகு பென்சில் கரி, இரண்டு போதும். கரியை வைக்கும்போது உப்புப் போடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

சிப்காட் ஷிப்ட் · புதன் காலை 8.10

டீச்சர் சொன்ன குரோமியம் விஷயத்தை எல்லோரும் மனதில் வையுங்கள். யூடியூப் பார்த்து எவர்சில்வர் தட்டு வைத்துப் பழைய கருவிகளில் துரு எடுக்கிறார்கள். துரு எடுக்க வேண்டும் என்றால் சலவை சோடா கரைத்த தண்ணீர், நேர்முனையில் பழைய இரும்புத் தகடு, எதிர்முனையில் துருப்பிடித்த கொடுவாள். அவ்வளவுதான் வேண்டும். எங்கள் ஆட்கள் டீச்சர் சொன்ன அந்த விஷ வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தோடு வேலை செய்த காலத்தில் மூக்குத் தண்டில் புண் வந்ததை நான் நேரில் பார்த்தவன். இப்போது எங்கள் யூனிட்டில் விஷம் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறிவிட்டோம்.

பாலக்கோட்டுக்காரன் · புதன் இரவு 9.30

செய்துவிட்டேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

முதலில் எங்கள் போர் தண்ணீர், இரண்டு இரும்பு ஆணி. பிளக்கில் செய்ததை விட மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் அரை மணி நேரத்தில் நேர்முனை ஆணியைச் சுற்றி அதே பச்சை, அதே பழுப்பு. எதிர்முனை ஆணி பளபளவென்று இருந்தது, அதில் பொடிக் குமிழிகள்.

இரண்டாவது, பென்னாகரம் அண்ணன் கடை மாதிரி ஒரு கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர். அரை மணி நேரம் ஆகியும் தெளிவாகவே இருந்தது. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டேன். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை, எங்கள் போர் தண்ணீரை விட மோசமாகச் சேறாகிவிட்டது. உலகத்திலேயே சுத்தமான தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும்! என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “அப்போ அன்னைக்கு நான் அழுதது இந்த ஆணிக்கா?” என்று கேட்டாள்.

மூன்றாவதுதான் எனக்கு மனதில் நின்றது. மறுபடி எங்கள் போர் தண்ணீர், அதே அடாப்டர், ஆணிக்குப் பதில் இரண்டு பக்கமும் சீவிய பென்சில் இரண்டு. ஒரு மணி நேரம் வைத்தேன். இரண்டு முனையிலும் குமிழி. பழுப்பு துளிகூட இல்லை. எதிர்முனைப் பக்கம் மட்டும் லேசான வெள்ளைப் புகை மாதிரி இறங்கியது. அதுதான் குடத்தில் படிகிற சுண்ணாம்பு என்று நினைக்கிறேன்.

தண்ணீர் மாறவில்லை, கரண்ட் மாறவில்லை, கம்பி மட்டும்தான் மாறியது.

தென்பெண்ணைக் கரை · புதன் இரவு 9.48

சுண்ணாம்பேதான். நிக்கல்சனும் கார்லைலும் பித்தளைக்குப் பதில் பிளாட்டினம் போட்டார்களே, நீங்கள் பென்சில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு என் அன்பு.

கிருஷ்ணகிரி ஆர்.ஓ. சர்வீஸ் · வியாழன் காலை 10.15

நானும் நேற்று எங்கள் கம்பியை நகைக்கடையில் எடை போட்டேன். பதினொரு வீட்டுக்குப் பிறகு இரும்புக் கம்பி 0.17 கிராம் குறைந்திருந்தது. இனி நான் அந்தக் கருவியை எடுத்துப் போகப் போவதில்லை. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நம்பித்தான் செய்தேன், அதைக் கேட்டுப் பயந்த வீடுகளை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் ஆர்.ஓ. மெஷினே ஏமாற்று என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புளூரைடு உள்ள தண்ணீருக்கு அதன் சவ்வு உண்மையிலேயே உதவும், பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கழிவுக் குழாயில் வருகிற தண்ணீரில் புளூரைடு கூடுதலாக இருக்கும். அதைப் பாத்திரம் கழுவலாம், கழிவறைக்கு ஊற்றலாம், மாட்டுத் தொட்டியில் விடாதீர்கள். முதலில் தண்ணீரைப் பரிசோதனை செய்யுங்கள், தேவை இருந்தால் வாங்குங்கள்.

அரூர் அக்கா · வியாழன் காலை 11.00

தம்பி, கம்பியை எடை போட்டுப் பார்த்து இங்கே வந்து சொல்ல மனது வேண்டும். நன்றி. பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது?

பாலக்கோட்டுக்காரன் · அடுத்த வாரம், வெள்ளி மாலை 6.20

அக்கா, தாமதமாகப் பதில் சொல்வதற்கு மன்னியுங்கள், ரிசல்ட் வரட்டும் என்று இருந்தேன். தர்மபுரியில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, அங்கே கொடுத்தேன். மெஷின்காரர்களுக்கு வியாழனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், எங்கள் தண்ணீரில் இரும்பு 0.1 தான். டி.டி.எஸ். 980. கடினத்தன்மை 420. புளூரைடு 1.9.

ஆக, டம்ளரில் பார்த்துப் பயந்தது எங்கள் தண்ணீரில் இல்லை. இருந்தது டம்ளரில் தெரியவில்லை. இப்போதைக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஊருக்குள் போய் ஒகேனக்கல் தண்ணீர் இரண்டு கேன் பிடித்து வருகிறேன். அறுவடைப் பணம் வந்ததும் கிருஷ்ணகிரித் தம்பியிடமே மெஷின் கேட்கலாம் என்று இருக்கிறோம்.

நீங்கள் போகும்போது சுத்தமான பிளாஸ்டிக் கேனில் ஒரு லிட்டருக்கு மேல் எடுத்துப் போங்கள். புளூரைடு பார்க்க கண்ணாடி பாட்டில் வேண்டாம். மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கேனை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். போர் ஆழம், ஊர் பெயர், பிடித்த தேதி மூன்றையும் கேன் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.